படித்துவிட்டுப் போட்ட கையெழுத்து

ராஜாமணியக்காவை டிவியில் கேலி செய்தபோது முதலில் சிரித்தது நான்தான். அவள் வீட்டு டிவி, அவள் போட்ட டீ, அவள் விரித்த பாய். அந்தப் பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிவைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

என் பெயர் மாரிராஜ். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 2010 ஜூன் மாதம் ஒரகடத்தில், கார் கதவுக்குப் பூட்டு செய்கிற ஒரு கம்பெனியில் ட்ரெயினியாகச் சேர்ந்தேன். கம்பெனிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி கீழப்பூண்டி என்ற ஊர். வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். அங்கே ராஜாமணியக்கா வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பத்து ரூம். பத்திலும் எங்கள் பக்கத்துப் பையன்கள். ரூமுக்கு நான்கு பேர். காலை ஆறு மணிக்கு அக்கா மோட்டார் போட்டால்தான் யாருக்கும் தண்ணீர்.

ரூம் கேட்டுப் போன அன்று அக்கா ஒரு பத்திரத் தாளை நீட்டினாள். வாடகை ஒப்பந்தம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன்க்கா."

"மூணாவது வரில இன்னா போட்டுக்கீது, சொல்லு."

நான் முழித்தேன். ரூமுக்குள் கருவாடு சுடக் கூடாது என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பையன்களிடம் பட்ட பாட்டில் அக்காவே சேர்த்த வரியாம்.

"படிக்காம கையெழுத்து போடறியே தம்பி. நாளைக்கி உன்னையே எழுதிக் கேட்டாலும் குடுத்துடுவியா?" என்று சொல்லி, உட்காரவைத்து முழுவதையும் படிக்கவைத்து, மறுபடி ஒரு கையெழுத்து வாங்கினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாடகைக்கு ரூம் கேட்டு வந்தால் பரீட்சை வைக்கிறாளே என்று வனமாமலையிடம் சொல்லிப் புலம்பினேன். வனமாமலை என் ரூம்மேட், நாங்குநேரிக்காரன். அவனுக்கும் அதே பரீட்சை நடந்திருந்தது.

அக்கா அந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பு பாஸ். எதைக் கையில் கொடுத்தாலும் படிப்பாள். வடை சுற்றி வந்த காகிதத்தை எண்ணெயோடு விரித்துப் படிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் பெயர், மாப்பிள்ளை பெயரோடு நிறுத்த மாட்டாள். அடியில் பொடி எழுத்தில் அச்சாபீஸ் பெயரும் போன் நம்பரும் இருக்கும் பாருங்கள், அதுவரைக்கும் போவாள். கண்ணாடி கூடப் போடாத கண்.

இந்த அக்காதான் 2006இலிருந்து அந்த ஊருக்கு ஊராட்சித் தலைவர். அந்தத் தேர்தலில் கீழப்பூண்டியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதுவரை அந்த நாற்காலிமேல் கண்ணாக இருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர் கோதண்டம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாராம். மூன்றாம் நாள் எழுந்து குளித்துவிட்டு அக்காவின் பெயரில் மனுத்தாக்கல் செய்தார். அக்கா ஜெயித்தாள், மாலை கோதண்டத்தின் கழுத்தில் விழுந்தது. ஊரில் அவரை 'பிரசிடென்ட்' என்பார்கள். இவளை 'பிரசிடென்ட் வூட்டம்மா' என்பார்கள். கூட்டத்துக்கு அவர் போவார், அதிகாரி வந்தால் அவர் பேசுவார். கையெழுத்து என்றால் மட்டும் தாள் சமையல்கட்டுக்கு வரும். நான் குடிவந்தபோது இதெல்லாம் பழகிப்போய் யாருக்கும் வேடிக்கையாகக்கூட இல்லை.

2011இல் ஆட்சி மாறியது. அக்காவின் பதவியும் அந்த வருஷத்தோடு முடிந்தது. ஆட்சி மாறினால் பழைய மூட்டையை அவிழ்ப்பது நம் நாட்டு வழக்கம். அவிழ்த்த மூட்டையில் கீழப்பூண்டியும் இருந்தது. பழைய மந்திரி ஒருவருடைய மைத்துனர், பினாமிப் பெயரில் ஒரு கம்பெனி வைத்து, ஊர் ஊராக மேய்க்கால் நிலங்களை வளைத்து, பெரிய கம்பெனிகளுக்குக் கைமாற்றிவிட்டார் என்று பேப்பரில் வந்தது. மேய்க்கால் என்றால் ஊர் மாடுகள் மேய்வதற்கென்று அரசாங்கமே ஒதுக்கிவைத்த நிலம். கீழப்பூண்டியில் அது நாற்பத்தொரு ஏக்கர். அதைக் கொடுக்கச் சம்மதம் என்று 2009 அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபை கூடித் தீர்மானம் போட்டிருந்தது. 'இவ்வூரில் தற்போது மாடு வளர்ப்போர் எவரும் இல்லை' என்று அதில் ஒரு வரி. அடியில் எழுபத்துமூன்று பெண்களின் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில் தலைவர் ராஜாமணியின் கையெழுத்தும் சீலும்.

பேப்பரில் அந்தத் தாளின் போட்டோ வந்த ஒரு மாதத்தில் கோதண்டம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அக்கா அழுது நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்துபோனது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. ஒரு பக்கம் மரத்துப்போன மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

'நடந்த நாடகம்' என்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு நிகழ்ச்சி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நாட்டில் நடந்த ஊழல்களை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். நடுநடுவே நிஜமான காகிதத்தையும் இடத்தையும் காட்டுவார்கள். பாதி செய்தி, பாதி நக்கல். எங்கள் ரூம்களில் அதற்குப் பயங்கர மவுசு. எங்களிடம் டிவி கிடையாது. ஞாயிறு ஆனால் அக்கா வீட்டு நடுவீட்டில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். அக்கா வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

2012 ஜூனில் அந்த நிகழ்ச்சிக்காரர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். டைரக்டர் ஒரு சின்னப் பெண், கூட ஒரு கேமராமேன். வெளிச்சம் திருப்புவதற்குத் தெர்மாகோல் அட்டை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு அன்று வாரவிடுப்பு. பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்களா நடிக்கிறவங்களுக்கு உங்களைப் பத்தித் தெரியணும்மா," என்றாள் அந்தப் பெண். அக்காவின் அரக்குப் புடவையைப் படம் எடுத்தார்கள். உட்காரும் நாற்காலியை எடுத்தார்கள். ரப்பர் சீலை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார்கள், அக்கா வெறும் கையால் பிடித்துக் காட்டினாள். கடைசியில் அந்தப் பெண் குரலை இறக்கி, "எப்படிம்மா கையெழுத்துப் போட்டீங்க? ஒண்ணும் புரியாமத்தானே?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுதாம்மா போட்டேன்," என்றாள் அக்கா.

பிறகு, குழம்புக்குப் புளி கரைக்கிற பக்குவம் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

"ஏரிக்கரையில நூறு நாள் வேல நடந்துக்கினு இருந்திச்சி. கிராமசபைக்கி யாரும் வரமாட்டாங்க, எப்பவும் வந்ததில்ல. அதனால மொத நாளே வேலைக்கி வந்த பொம்பளைங்க கிட்ட ரெண்டு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. ஒண்ணு வேல வருகைக்கி. இன்னொண்ணு மேல ஒண்ணுமே எழுதாத தாளு. அவங்க ஏன் கேக்கலன்னா, அந்த வேலையில எதனா ஒரு தாள்ல கையெழுத்து வுட்டுப்போச்சின்னா அன்னிக்கிக் கூலி இல்ல. ரத்னாவுக்கு ஒரு வாட்டி அப்டி ஆயிருக்குது. அதிலேர்ந்து எத்தினி தாளு நீட்டினாலும் போடுவாங்க. இன்னும் கீதான்னு கேட்டு வாங்கிப் போடுவாங்க. அந்தத் தாள்லதான் அப்புறமா மேல தீர்மானம் எழுதினாங்க."

டைரக்டர் பெண் கேமராமேனைப் பார்த்தாள். அக்கா நிறுத்தவில்லை.

"எழுதி எடுத்தாந்தாரு எங்க வூட்டுக்காரரு. நான் அடுப்புல கொழம்ப எறக்கி வெச்சிட்டு மொதல்லேர்ந்து கடசி வரைக்கும் படிச்சேன். ஊர்ல மாடே இல்லன்னு போட்டிருந்திச்சி. ரத்னா வூட்டு மாடு எங்க போவும்னு கேட்டேன். வர்ற கம்பெனியில நம்ம பிரவீனுக்கு பர்மனென்ட் வேல, பேசியாச்சின்னாரு. போட்டுட்டேன். மந்திரி மச்சான் அனுப்பின ஆளு வாசல்ல கார்லயே உக்காந்துக்கினு இருந்தாரு. அவரு பேரு தெரியும். கார் நம்பர்கூட படிச்சி வெச்சிக்கினுகீறேன்."

பெயரையும் சொன்னாள், நம்பரையும் சொன்னாள். "சூப்பர்மா," என்றாள் அந்தப் பெண். கேமராவைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்னத்துக்குக்கா இதையெல்லாம் சொன்னீக?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க தம்பி. இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அந்த நாடகம் வந்தது. அக்காவும் பாயில் வந்து உட்கார்ந்தாள். அதே அரக்குப் புடவை, அதே நாற்காலி. அந்தப் பாத்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரப்பர் ராணி'. வாயில் வெற்றிலையோடு ஒரு நடிகை, கண்ணுக்குப் பட்டதற்கெல்லாம் சீல் குத்திக்கொண்டே வருகிறாள். தீர்மானத்தில் குத்துகிறாள். புருஷன் வழுக்கையில் குத்துகிறாள். தட்டில் இருந்த இட்லியில் குத்தி, அதைச் சட்னியில் தோய்த்து அவனுக்கு ஊட்டுகிறாள். இட்லிக்குத்தான் நான் சிரித்தேன், வாய்விட்டு. வனமாமலை என் விலாவில் இடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

மந்திரியாக நடித்தவர் பிறந்தநாள் கேக் வெட்டுகிற மாதிரி வரைபடத்தை வெட்டினார். ஊர்ப் பெண்கள் பிரியாணிப் பொட்டலத்துக்கு அடித்துக்கொண்டு, குழம்புக் கையோடு தாளில் கட்டைவிரலை வைத்தார்கள். கடைசியில் நிகழ்ச்சி நடத்துகிறவர் வந்து, "பாவம், ரப்பருக்கு எங்கேங்க படிக்கத் தெரியும்?" என்று கேட்டார். கைதட்டல். அக்கா கேமரா முன்னால் சொன்னதில் ஒரு வார்த்தை வரவில்லை.

"புடவய மட்டும் சரியாக் காட்டிட்டாங்க," என்றாள் அக்கா. டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். என் டம்ளரில் பாதி டீ இருந்தது. குடித்துவிட்டாயா என்று கேட்டு, இல்லையென்றதும் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனாள். அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரேஷன் கடையில் அட்டையில் முத்திரை குத்தும்போது 'ராணிம்மாவே குத்தட்டும்' என்றார்கள். அக்கா சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாடகம் வந்த அன்று சாயந்திரமே ரத்னா வந்தாள். நான்கு வீடு தள்ளி இருப்பவள். மேய்க்காலில் மதில் எழும்பியபோது இரண்டு மாட்டையும் விற்றுவிட்டு, மதிலுக்குள்ளேயே கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தீர்மானத்தின் போட்டோ பேப்பரில் வந்த நாளிலிருந்து அக்காவோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு பேசினாள்.

"ராஜாமணி, நாங்க பிரியாணிக்கா கையெழுத்து போட்டோம்? அறிவொளியில மூணு மாசம் சிலேட்டுல எழுதிக் கத்துக்கினு போடற கையெழுத்து அது. அதப் போயி கட்டவெரல்னு காட்டறானுங்க. ஏரிக்கரையில மாட்டக் கட்டி வெச்சிக்கினே, ஊர்ல மாடு இல்லன்னு நான் எழுதிக் குடுப்பனா? நீயே சொல்லு."

"நீ எழுதிக் குடுக்கல," என்றாள் அக்கா.

"அத என் கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எழுதறவங்க கிட்ட போய் சொல்லு."

சொல்வதற்கு இடமும் வந்திருந்தது. புது அரசாங்கம் ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டிருந்தது. அந்தப் பெண்களின் கையெழுத்து வேலை வருகைக்கென்று ஏமாற்றி வாங்கியது என்று ருசுவானால் தீர்மானம் செல்லாது, நிலம் ஊருக்குத் திரும்பிவிடும். ஒரு மூலையில் மதிலும் ஒரு ஷெட்டும் எழும்பியிருந்ததே தவிர முப்பது ஏக்கருக்கு மேல் அப்போதும் புல்லாகத்தான் கிடந்தது. ருசுவாகாவிட்டால் எழுபத்துமூன்று பேரும் மனமறிந்து சம்மதித்ததாக ஆகும், நிலம் போனது போனதுதான். நடந்ததை முழுக்கத் தெரிந்தவர்களில் கோதண்டம் செத்துப்போனார். ஏரிக்கரையில் தாள் நீட்டிய ஊராட்சி எழுத்தர் எனக்கொன்றும் ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சம் அக்கா ஒருத்திதான்.

அக்காவின் மகன் பிரவீனுக்கு விஷயம் எட்டியது. அவன் பேசியபடியே அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆகி, பெண்டாட்டி ரஞ்சனியோடு படப்பையில் தனிக்குடித்தனம் இருந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அம்மா, டிவிலியே சொல்லிட்டான் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. ஊரே நம்புது. எனக்குத் தெரியாது, அவரு போடச் சொன்னாரு, போட்டேன். அத மட்டும் சொல்லிட்டு வா. இல்லன்னா உன்னத் தூக்கி உள்ள வெப்பாங்க. என் வேலையும் பூடும்."

"சாப்டறியா?" என்று கேட்டாள் அக்கா.

"நான் இன்னா சொல்றேன், நீ இன்னா கேக்கற?"

"படிச்சவ படிக்கலன்னு எப்டிடா சொல்றது?"

அவன் சாப்பிடாமலே போனான். பாவம், அவன் சொன்னதும் நியாயம்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அந்த நாடகம் அவளுக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் நுழைந்து தப்பித்திருப்பேன்.

நவம்பரில் சம்மன் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் காலை பத்தரைக்கு. "கூட வர்றியா தம்பி? நான் சொல்றத ஒரு ஆளு கேட்டுக்கினு இருந்தா நல்லது," என்றாள். எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், இரண்டு மணிக்குள் கார்டு போட வேண்டும். அந்த மாதம்தான் எங்கள் பேட்ச்சுக்குக் கன்ஃபர்மேஷன் லிஸ்ட். ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் பெயர் போய்விடும் என்று சூப்பர்வைசர் மிரட்டியிருந்தார். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்காவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். டைப் அடிக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, அந்த இட்லி... எங்க வீட்ல எல்லாரும் பார்த்தோம்," என்றார்.

அக்கா சொன்னாள். ஏரிக்கரை, இரண்டு தாள், குழம்பு, மாடு, பிரவீன் வேலை, வாசலில் நின்ற கார். கேமராவுக்குச் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். டைப் அடிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவள் முடித்த பிறகுதான் அதிகாரி அவர் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார்.

"எனது கணவர் காட்டிய இடத்தில் நான் கையொப்பமிட்டேன். அதில் கண்ட விவரங்கள் எதுவும் எனக்குத் தெரியாது..."

"சார், நான் அத சொல்லல," என்றாள் அக்கா.

"தெரியும்மா. செத்துப்போன புருஷன் பேரு கெடக்கூடாதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கப் பார்க்கறீங்க. நம்ம பொம்பளைங்களுக்கு இதே வழக்கம். உங்களை மாட்டிவிடறதுக்கு இல்லம்மா நான் உட்கார்ந்திருக்கறது."

"கார் நம்பர் சொல்றேன் சார், எழுதிக்குங்க." சொன்னாள்.

"இதையெல்லாம் யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் அதிகாரி, நிஜமான இரக்கத்தோடு. டைப் அடிக்கிறவர் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தவன் என்பது போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு முறை காதால் கேட்டவன் நான். 'டிவிக்காரங்க கிட்டயும் இதையேதான் சார் சொன்னாங்க' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐந்து. பேச ஆரம்பித்தால் என்னையும் உட்காரவைத்துவிடுவார்கள்.

தாள் அச்சாகி வந்தது. இரண்டு பக்கம். அக்கா முதல் வரியிலிருந்து படித்தாள். அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"இதுல நான் சொன்னது ஒண்ணுகூட இல்ல. போடமாட்டேன் சார்," என்று தாளை மேஜைமேல் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தாள். எழுந்து வெளியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

நானும் பின்னாலேயே போகத் திரும்பினேன். அதிகாரி கூப்பிட்டார். "தம்பி, நீங்கதானே கூட வந்தது? அவங்க பதட்டத்துல இருக்காங்க. ஒண்ணும் பிரச்சினை வராது, அவங்க நல்லதுக்குத்தான். சாட்சின்னு இருக்கு பாருங்க, அங்க ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

மணி பன்னிரண்டு இருபது. பஸ் பன்னிரண்டரைக்கு. அதை விட்டால் ஒன்றே காலுக்கு. போட்டேன். தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் கேட்டார், சொன்னேன்.

பஸ்ஸில் அக்கா வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். "நீ கேட்டுக்கினு இருந்த இல்ல?" என்றாள். கேட்டேன்க்கா என்றேன். ஒன்று ஐம்பதுக்குக் கார்டு போட்டேன். டிசம்பரில் கன்ஃபர்ம் ஆனேன்.

அக்கா அதோடு விடவில்லை. கோடு போட்ட தாளில் தன் கையாலேயே எழுதி, பதிவுத் தபாலில் மூன்று முறை அனுப்பினாள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. 'இது தொடர்பாகத் தங்களின் வாக்குமூலம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று. அடுத்த வருஷம் அறிக்கை போய், எழுபத்துமூன்று பேரும் கலந்துகொண்ட கிராமசபைத் தீர்மானம் செல்லும் என்று முடிவானது. மந்திரி மைத்துனர் மேலிருந்த வழக்கில் கீழப்பூண்டி கழன்றுகொண்டது. அக்கா மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை, விவரம் அறியாதவர் என்பதால். மிச்சம் கிடந்த புல்லைச் சுற்றியும் மதில் வந்தது. பிரவீன் வேலை பிரவீனுக்கு இருந்தது, ரத்னா துடைப்பம் ரத்னாவுக்கு இருந்தது. அந்த நாடகத்துக்கு ஏதோ விருது கிடைத்ததாக டிவியில் ஓடியது. இட்லியை மறுபடி காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பாய் விரிப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது, வனமாமலை ஒரு டிவி வாங்கியிருந்தான்.

வல்லக்கோட்டையில் ஒரு பையன், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தக் காகிதங்களின் நகல் கிடைக்கும் என்று ரத்னாவிடம் சொல்லியிருக்கிறான். அவளும் விடாமல் அலைந்து வாங்கினாள். 2015 மார்ச்சில், ஒரு ஞாயிறு மதியம், தபால் உறையோடு வந்தாள். இந்த முறை வாசற்படியைத் தாண்டி, பின்பக்கம் மோட்டார் மேடை வரைக்கும் வந்து உட்கார்ந்தாள்.

"எனுக்கு கையெழுத்து போடத்தான் தெரியும். நீ படி," என்றாள்.

நான் குழாயடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சத்தமாகப் படித்தாள். கணவர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன். விவரங்கள் எதுவும் எனக்குத் தெரியாது. கிராமசபையில் கலந்துகொண்ட பெண்கள் தாமாக முன்வந்து கையொப்பமிட்டார்கள். தன் பெயரில் எழுதியிருந்த பொய்யை, யாரோ ஒருத்தியுடைய கடுதாசி மாதிரி, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"மேற்படி ராஜாமணி பதற்றத்தின் காரணமாகக் கையொப்பமிட இயலாத நிலையில், வாக்குமூலம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரியென அவர் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி."

வேறு யாராவது என்றால் அங்கே நிறுத்தியிருப்பார்கள். அக்கா அச்சாபீஸ் பெயர் வரைக்கும் படிக்கிறவள்.

"மாரிராஜ், தகப்பனார் பெயர் மாடசாமி, கீழப்பூண்டி."

ரத்னா என்னைப் பார்த்தாள். அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கச் சற்று நேரம் ஆனது. என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு முறை பார்த்த கையெழுத்து.

"படிச்சியா?" என்றாள்.

"படிக்கலக்கா. ஷிப்டுக்கு நேரமாயிட்டு. அதுல என்ன எழுதியிருந்துதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று ஊரே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததோ, எதைச் சொல்ல மாட்டேன் என்று அவள் எழுந்து வந்தாளோ, அதையே நான் சொல்லியிருந்தேன். என்ன வித்தியாசம் என்றால், நான் சொன்னது உண்மை. அதனால் அது எந்த வகையிலும் மேலானதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்கா தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டு ரத்னாவின் கையில் கொடுத்தாள்.

"தீர்மானத்துல நான் படிச்சிட்டுதான் போட்டேன், ரத்னா," என்றாள்.

"தெரியும்," என்றாள் ரத்னா. உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் ஷிப்டுக்குப் பெருக்கப் போனாள்.